கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ குடிபெயரும் முன் எடைபோட வேண்டியவை

தமிழ்நாட்டிலிருந்து அண்டை மாநிலத்துக்குக் குடிபெயர நினைப்பவர்கள் சம்பளம், வாடகை, மொழி ஆகிய மூன்றை மட்டும் பேசி முடித்துவிட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். வாளையாறையோ அத்திப்பள்ளியையோ தாண்டினால் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் ஊர்தானே என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழியாகப் பிரித்து அமைக்கப்பட்ட இந்த மாநிலங்கள், பள்ளிக்கூடம், மின்கட்டணம், வண்டி வரி, ரேஷன், குப்பை வரை ஒவ்வொன்றிலும் தத்தமக்கென விதிகளை வகுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த விதிகள் மாநில எல்லையில் கண்ணுக்குத் தெரிவதில்லை; குடிபோன ஆறாவது மாதத்தில்தான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

வேறுபாடுகளை ஒரே பட்டியலாக எழுதிப் பார்ப்பதைவிட மூன்றாகப் பிரித்துக்கொள்வது பயன் தரும்: நாளடைவில் பழகிவிடுபவை, பணம் செலவழித்தால் தீர்ந்துவிடுபவை, தவறவிட்டால் திரும்பப் பெற முடியாதவை. சாப்பாடும் பேச்சும் முதல் வகை. வீடும் வண்டியும் இரண்டாம் வகை. பிள்ளைகளின் படிப்பும் சான்றிதழ் சார்ந்த உரிமைகளும் மூன்றாம் வகை. குடும்பங்களில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் முதல் வகையிலேயே நின்றுவிடுகிறது. எடைபோடும் வேலையை மூன்றாம் வகையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் படி: பிள்ளைகளின் வகுப்பைப் பாருங்கள்

பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதே குடிபெயரலாமா, எப்போது பெயரலாம் என்ற இரண்டையும் தீர்மானிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதே வகுப்புகளை அரசுப் பள்ளியில் முடித்த மாணவியர் உயர்கல்விக்குச் செல்லும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெறுகிறார்கள். அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையை இரண்டே ஆண்டுகளுக்குப் பாலக்காட்டுக்கோ மைசூருக்கோ அழைத்துப் போனாலும் இந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். பின்னால் ஊர் திரும்பினாலும் அதை ஒட்டவைக்க வழியில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வு வழியே அந்த மாநில ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி இடம் கேட்பதற்கான பொது விதி, 1-ஆம் வகுப்புக்கும் இரண்டாம் ஆண்டு பி.யூ.சி.க்கும் (நம் 12-ஆம் வகுப்பு) இடையில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்பது. எட்டாம் வகுப்பில் அங்கே சேரும் பிள்ளைக்கு ஐந்து ஆண்டுகள்தான் தேறும். அப்படியானால் கல்லூரிச் சேர்க்கைக்கு அந்தப் பிள்ளை பெரும்பாலும் தமிழ்நாட்டையே நம்ப வேண்டியிருக்கும். வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் இங்கே பிறப்பிடச் சான்று கேட்பார்கள். ஆகவே கிளம்புவதற்கு முன்பே அதற்கான ஆவணங்களைத் திரட்டி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள் என்றால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 6-ஆம் வகுப்பு முதல் 10-ஆம் வகுப்பு வரைதான் கவனம் தேவைப்படும் காலம்.

அடுத்தது மொழிப்பாடம். தமிழ்நாட்டில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்க 2006-இல் சட்டம் வந்ததைப் போலவே, கர்நாடகத்தில் 2015-இலும் கேரளத்தில் 2017-இலும் சட்டங்கள் வந்தன. அங்கே மத்திய வாரியப் பள்ளிகளும் இதற்குள் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை, சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்த்துவிட்டால் கன்னடமோ மலையாளமோ படிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் தவறு. இடையில் வந்து சேரும் பிள்ளைக்கு விலக்கோ எளிய பாடத்திட்டமோ உண்டா, தமிழை ஒரு பாடமாகத் தொடர முடியுமா என்று பள்ளியிடம் சேர்க்கைக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. மற்ற இடங்களில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத் தரும் பொறுப்பு வீட்டுக்கு வந்துவிடும். 1968 முதல் இருமொழிக் கொள்கையில் இயங்கும் தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைக்கு அங்கே இந்தியும் சேர்ந்துகொள்வதால், ஒரே ஆண்டில் இரண்டு புதிய எழுத்துமுறைகளைக் கற்க நேரும். ஆறேழு வயதில் இது விளையாட்டாகப் போய்விடும். பதின்மூன்று வயதில் அது உண்மையான சுமை.

இரண்டாம் படி: சான்றிதழால் வரும் உரிமைகளைக் கணக்கிடுங்கள்

பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடிப் பிரிவினர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், சொந்த மாநிலத்துச் சான்றிதழைக் காட்டிப் புதிய மாநிலத்தின் அரசுப் பணிகளில் இட ஒதுக்கீடு கோர முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990-இலும், அரசியல் சாசன அமர்வு மூலம் 2018-இலும் தெளிவுபடுத்தியிருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மத்திய அரசுப் பணிகளுக்கும் தேர்வுகளுக்கும் தமிழ்நாட்டுச் சான்றிதழே பயன்படும் என்பதால், பிள்ளைகளுக்கான சாதிச் சான்றிதழை ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. பிறகு அதற்காகவே விடுப்பு எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு வர வேண்டியிருக்கும்.

ரேஷன் அட்டையைப் பொறுத்தவரை, ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் வெளிமாநிலக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்பது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் முன்னுரிமைக் குடும்ப அட்டைகளுக்கும் அந்தியோதயா அட்டைகளுக்கும் மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் முன்னுரிமை அற்ற குடும்பங்களுக்கும் விலையில்லா அரிசி கிடைப்பதால், தங்கள் அட்டை எந்த வகை என்பதையே பலர் பார்த்ததில்லை. அட்டையை எடுத்து அதில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் பாருங்கள். அட்டையை ஒப்படைத்துவிட்டால் அதைச் சார்ந்த மகளிர் உரிமைத் தொகையும் போய்விடும். புதிய மாநிலத்தில் அட்டை வாங்கி அங்குள்ள உதவித் திட்டங்களில் சேர்வதற்கு இருப்பிடச் சான்று முதற்கொண்டு எல்லாம் வேண்டும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் வேலைக்காகப் போகிறார் என்றால் அட்டையைத் தொடாமல் இருப்பதே சரி.

பேருந்திலும் இந்த வேறுபாடு தெரியும். தமிழ்நாட்டுச் சாதாரண நகரப் பேருந்தில் பெண்கள் ஏறினால் எந்த ஊர்க்காரர் என்று யாரும் கேட்பதில்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் சக்தி திட்டத்தில் இலவசப் பயணம் வேண்டுமானால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தினமும் பேருந்தில் வேலைக்குப் போகப்போகும் பெண், ஆதார் முகவரியை மாற்றும் வேலையை முதல் மாதத்திலேயே முடித்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

மூன்றாம் படி: வண்டியைக் கொண்டுபோவதா, விற்பதா

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல், அதன்பின் புதிய மாநிலத்தின் ஆயுட்கால வரி என்று வரிசையாக வேலை இருக்கிறது. வண்டியின் வயதுக்கேற்ப வரி குறையும் என்றாலும், கர்நாடகத்தின் வரி விகிதம் நாட்டிலேயே உயர்ந்தவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் பதினைந்து ஆண்டுகளுக்கெனக் கட்டிய வரியில் மீதமுள்ள காலத்துக்குத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் முதலில் அங்கே கட்டிவிட்டுத்தான் இங்கே கேட்க முடியும் என்பதால் கையில் அந்தத் தொகை இருக்க வேண்டும்.

பத்து ஆண்டுகளைக் கடந்த கார் என்றால் ஊரிலேயே விற்றுவிட்டுப் போய் அங்கே பதிவான பழைய கார் ஒன்றை வாங்குவது பெரும்பாலும் லாபம். புதிய கார் வாங்கும் எண்ணமிருந்தால் குடிபெயர்ந்த பிறகு வாங்குங்கள். அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் 2021-இல் வந்த பி.எச். வரிசைப் பதிவெண்ணைக் கேட்கலாம். மாநிலம் மாறும்போது மறுபதிவு தேவைப்படாது. ஓட்டுநர் உரிமம் நாடு முழுவதும் செல்லும் என்பதால் அதைப் பற்றி அவசரப்பட வேண்டியதில்லை. பெங்களூருக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ளலாம்: காவிரிப் பிரச்சினை முற்றிய 2016 செப்டம்பரில் அங்கே தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாட்கள் அரிதானவைதான். ஆனாலும் மறுபதிவைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி: வீட்டைத் தண்ணீரிலிருந்து பாருங்கள்

வாடகை வீடு பார்க்கும்போது அறைகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேட்க வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அதன் காவிரித் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றி அனுப்பப்படுகிறது. அந்தக் குழாய் எட்டாத பகுதிகள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் (போர் தண்ணீர்) டேங்கர் லாரியையும் நம்பியிருக்கின்றன. 2024 கோடையில் போர்கள் வற்றியபோது பெரிய அடுக்ககங்களிலேயே தண்ணீர் முறைவைத்து விடப்பட்டது. ஆகவே காவிரித் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, டேங்கர் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடக்கமா, தனியா என்று வீட்டுக்காரரிடம் மட்டுமல்லாமல் காவலாளியிடமும் கீழ்வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். குளியலறைக் குழாயின் நுனியில் வெள்ளைப் படிவம் கட்டியிருந்தால் அது உப்பேறிய போர் தண்ணீர். கீசரும் துணி துவைக்கும் இயந்திரமும் சீக்கிரம் கெடும்.

கேரளத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே தனி வீடுகளுக்குக் கிணறு உண்டு, தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று சொல்வார்கள். வீட்டைப் பார்க்கப் போகும் மாலையில் ஒரு வெள்ளை வாளியில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்து, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். பிடிக்கும்போது பளிங்குபோல இருந்த தண்ணீர் மஞ்சளாகத் திரும்பி, வாளியின் அடியில் துருநிறத்தில் வண்டல் தங்கியிருந்தால் அதில் இரும்புச் சத்து மிகுதி. வெள்ளை வேட்டியும் பள்ளிச் சீருடையும் சில மாதங்களில் பழுப்பேறும். வடிகட்டி வைப்பது யார் செலவு என்பதை அப்போதே பேசிவிடலாம்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரி மழை 1000 மில்லிமீட்டரை எட்டுவதில்லை, அதிலும் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். கேரளத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு பெய்கிறது, ஜூன் தொடக்கத்தில் பிடித்தால் செப்டம்பர் வரை விட்டு விட்டுத் தொடர்ந்து, ஐப்பசியில் மீண்டும் வருகிறது. ஜூலையில் கொடியில் போட்ட ஜீன்ஸ் மூன்றாம் நாளும் ஈரமாகத்தான் இருக்கும். சுவரை ஒட்டி நிறுத்திய பீரோவுக்குள் பட்டுப்புடவையும் தோல் பெல்ட்டும் பூஞ்சை பிடிக்கும். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகள் உப்பிப் பிளக்கும். அத்தகைய மரச்சாமான்களை லாரி ஏற்றிக் கொண்டுபோவது வீண். கூரையிட்ட துணி உலர்த்தும் இடம், காற்று நுழையும் சன்னல், சுவரில் நீர்க்கசிவின் கறை இல்லாமை ஆகிய மூன்றும் கேரளத்து வீட்டில் மாடுலர் கிச்சனைவிட முக்கியமானவை. வீட்டைக் கோடையில் பார்த்து முடிவு செய்தால் இவை எதுவும் கண்ணில் படாது.

குப்பையும் வீட்டுக் கணக்கில்தான் சேரும். கேரளத்தில் ஹரித கர்ம சேனை என்ற பெண்கள் குழுவினர் வீடு வீடாக வந்து, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கை நம்மிடம் சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு எடுத்துச் செல்வார்கள்; சமையலறைக் கழிவைப் பல ஊர்களில் வீட்டிலேயே உரமாக்கிக்கொள்ள வேண்டும். தெருமுனைத் தொட்டியில் கொட்டிப் பழகியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் திண்டாட்டம்தான். பெங்களூரில் ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு என்று பிரித்துக் கொடுக்காவிட்டால் வண்டிக்காரர் வாங்காமல் போய்விடுவார்.

அட்வான்ஸ் தொகையில் பெங்களூரு கடுமையானது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழைய வழக்கம் இப்போது பல இடங்களில் ஐந்தாறு மாதமாகக் குறைந்திருந்தாலும், காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்கென ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே சாதாரணம். குடியேறும் அன்றே ஒவ்வோர் அறையையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள். பிடித்தம் எவ்வளவு என்பதைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: மாதச் செலவை மறுபடி எழுதுங்கள்

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் எல்லா வீட்டுக்கும் இலவசம். கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட்டுக்குள், அந்த இணைப்பின் முந்தைய சராசரிப் பயன்பாட்டோடு 10 சதவீதம் சேர்த்த அளவு வரை இலவசம். வாடகைக்கு இருப்பவர்களும் பதிவு செய்துகொள்ளலாம். முன்பு குடியிருந்தவர் சிக்கனக்காரராக இருந்திருந்தால் உங்கள் இலவச அளவும் சிறியதாகவே இருக்கும் என்பதால், பழைய ரசீதைக் கேட்டுப் பாருங்கள். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிநிலைச் சலுகை போய், மொத்தப் பயன்பாட்டுக்கும் ஒரே உயர்ந்த விகிதம் விழும், இரண்டு ஏ.சி. வைத்திருக்கும் குடும்பம் இந்தக் கோட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூரின் குளுமையில் ஏ.சி. செலவு குறையும், கீசர் செலவு கூடும். தொழில்வரி எந்த மாநிலத்திலும் ஆண்டுக்கு 2500 ரூபாயைத் தாண்ட முடியாது. அதற்காக மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆறாம் படி: சாப்பாடு, பேச்சு, விடுமுறை

இவை பழகிவிடும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கேரளத்துக் கடைகளில் முன்னால் நிற்பது தடித்த சிவப்பு மட்டை அரிசி. அது வேக அதிக நேரமும் தண்ணீரும் கேட்கும். பெங்களூரில் சோனா மசூரி பச்சரிசிதான் பரவலாகக் கிடைக்கும், அங்கே உணவகச் சாம்பாரில் வெல்லம் தட்டுப்படும். இரண்டு ஊர்களிலும் புழுங்கலரிசியும் இட்லி அரிசியும் தேடினால் கிடைக்கும் என்பதால் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை. காய்கறியைப் பற்றிக் கவலையே வேண்டாம். கேரளத்துக்கு ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்தே ஏராளமான காய்கள் போகின்றன. கேரள உணவகத்தில் இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் வைத்தால் பதறாதீர்கள், அது பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்.

மொழியில் என் பரிந்துரை வழக்கத்துக்கு மாறானது: பேசக் கற்பதற்கு முன் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பேச்சு காதில் விழுந்து விழுந்து தானாக வரும். பேருந்துப் பலகை, மின்கட்டண ரசீது, பஞ்சாயத்து அறிவிப்பு, பிள்ளையின் வீட்டுப்பாடம் ஆகியவை தானாக வருவதில்லை. பெங்களூரில் தமிழிலேயே காலம் தள்ளிவிடலாம் என்பது ஓரளவு உண்மைதான்; ஆனால் அரசு அலுவலகத்திலும் குடியிருப்போர் சங்கத்திலும் இரண்டு வாக்கியம் கன்னடத்தில் தொடங்குபவருக்குக் கிடைக்கும் வரவேற்பே வேறு.

கேரளத்தில் தைப் பொங்கலுக்குத் திருவனந்தபுரம், இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில்தான் உள்ளூர் விடுமுறை. தீபாவளியும் நம் ஊர்போல நாள்கணக்கில் நீளாது, பள்ளிகளின் நீண்ட விடுமுறை ஓணத்துக்கு. ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்த நாட்காட்டியை வைத்து விடுப்பையும் ரயில் சீட்டையும் திட்டமிட வேண்டும்.

ஏழாம் படி: எல்லையோரத்திலேயே தங்க முடியுமா என்று பாருங்கள்

முதல் படியில் பிள்ளையின் வகுப்பு இடையூறாக வந்தால், குடும்பத்தைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு மட்டும் மறுபக்கம் போய்வரும் வழியைத் தீவிரமாகவே எண்ணிப் பார்க்கலாம். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர், எலெக்ட்ரானிக் சிட்டி அதற்கும் முன்பே வந்துவிடும். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடும் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரமும் தினமும் பலர் போய்வரும் தொலைவில்தான் இருக்கின்றன. பள்ளி, ரேஷன், வண்டிப் பதிவு எதுவும் மாறாது. அதற்குக் கொடுக்கும் விலை, சாலையில் கழியும் நேரம். அலுவலகம் பெங்களூரின் வடக்கில் இருந்தால் இந்த வழி உதவாது. வாரநாள் காலையில் ஒருமுறை நீங்களே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எட்டாம் படி: நாளைக் குறித்துக் கிளம்புங்கள்

கேரளத்தில் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில், மழையோடு திறக்கின்றன. ஆகவே சாமான் லாரி மே மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். முடிந்தால் குடும்பத்தில் ஒருவர் முன்கூட்டியே போய், மோசமான பருவத்தில் தங்கிப் பார்ப்பது நல்லது: கேரளம் என்றால் ஜூன், ஜூலை, பெங்களூரு என்றால் தண்ணீர் குறையும் மார்ச், ஏப்ரல். கேரளத்தில் பொருள் இறக்கும் அன்று உள்ளூர்ச் சுமைதூக்குவோர் சங்கத்தினர் வருவதுண்டு. வேலை செய்யாமல் கூலி கேட்கும் ‘நோக்குகூலி’ 2018 மே 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் யார் இறக்குவது, எவ்வளவு கூலி என்பதை வீட்டுக்காரர் மூலம் முந்தின நாளே பேசிவைத்தால் லாரி வாசலில் நிற்கும்போது வாக்குவாதம் வராது.

கிளம்பும் வாரத்தில் எரிவாயு ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, மாற்றல் சீட்டும் வைப்புத் தொகையும் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய ஊரில் அந்தச் சீட்டைக் காட்டினால் இணைப்பு தொடரும், வைப்புத் தொகை மட்டும் அன்றைய விகிதப்படி கட்ட வேண்டும். பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் கல்வி அலுவலரின் மேலொப்பம் தேவையா என்று புதிய பள்ளியிடம் கேட்டுவிட்டே பழைய பள்ளியை விட்டு வெளியேறுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளத்தில் பிள்ளைக்குள்ள எமிஸ் எண்ணை விடுவிக்கவும் பழைய பள்ளிக்கு நினைவூட்டுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 போதும், புதிதாகச் சேர்க்கும் படிவம் 6-ஐ நிரப்ப வேண்டாம். வண்டியைக் கொண்டுபோகிறவர்கள் எல்லை தாண்டிய தேதிக்குச் சுங்கச்சாவடி ரசீதையோ ரயில் பார்சல் ரசீதையோ பத்திரமாக வைத்திருங்கள். பன்னிரண்டு மாதக் கணக்கு எந்த நாளில் தொடங்கியது என்ற கேள்வி வந்தால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.